பவள அண்மைப் படக்கலை

கடல்நீர்த் தொட்டியில் வாழும் பவளங்களை மிக நெருங்கிப் படமெடுத்து, வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத அவற்றின் உடலமைப்பைக் காட்டும் ஒளிப்படத் துறை பவள அண்மைப் படக்கலை. பவளம் என்று நாம் காண்பது பெரும்பாலும் தனி உயிரன்று. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் குடியிருப்பு. மான்கொம்புப் பவளத்தில் ஒரு பாலிப்பின் அகலம் சில மில்லிமீட்டர்தான். அதன் வாயும் சுற்றியுள்ள உணர்கொம்புகளும் தெளிவாகத் தெரிய மேக்ரோ லென்ஸ் தேவை.

பெயரும் நிறமும்

பவளம் என்றதும் தமிழர் மனத்தில் எழுவது சிவப்பு. அப்பர் தில்லைக் கூத்தனின் மேனியைப் பவளத்துக்கு ஒப்பிட்டதும் அந்தச் செம்மை கருதியே. நகைகளில் பதிக்கும் அந்தச் செம்பவளத்தின் புகழ்பெற்ற தாயகம் மத்தியதரைக் கடல். பாறை கட்டும் பவளங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவாக்கிப் பவளத்துக்கும் தருகின்றன. நலமாக இருக்கும் பல பவளங்களின் பழுப்பு நிறம் இப்பாசிகளால் வருவது. எனவே படத்தில் இல்லாத சிவப்பை ஏற்றுவது அழகூட்டல் ஆகாது. அது உயிரின் இயல்பைத் திரிப்பது.

வரலாறு

1893இல் வில்லியம் சேவில்-கென்ட், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். முன்பு பிரிட்டனின் மீன் காட்சியகங்களில் பணியாற்றிய அவர், கடல் வற்றும் நேரத்தில் வெளித்தெரிந்த பவளங்களைப் படமெடுத்து அந்நூலில் சேர்த்திருந்தார். தமிழ்நாட்டுக் கடலைப் பொறுத்தவரை, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி 1890இல் எழுதிய நூல் குறிப்பிடத்தக்கது.

கடலூர், சிதம்பரம் வட்டாரம்

கடலூர்க் கரையில் பவளத்திட்டுகள் இல்லை. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை வண்டலையும் நன்னீரையும் கடலில் சேர்க்கின்றன. பாறை கட்டும் பவளத்துக்கோ தெளிந்த உவர்நீர் வேண்டும். ஆகவே அண்ணாகிராமம், பண்ருட்டி, சிதம்பரம் பகுதி மக்கள் தம் மாவட்டத்தில் பவளத்தை அறிய வழி, அருங்காட்சியகங்களும் கண்ணாடித் தொட்டிகளும்தான். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. கழிமுக நீரிலேயே கோமாளி மீன்களை வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் ஆய்வுகள் அங்கே நடந்துள்ளன. கோமாளி மீன் அடைக்கலம் புகும் கடல் சாமந்தி, பவளத்தின் நெருங்கிய உறவு. பாலிப்பைப் போலவே நடுவில் வாயும் சுற்றிலும் உணர்கொம்புகளும் கொண்டது, உருவில் பெரியது. இக்கலையைப் பழகத் தொடங்குபவருக்கு அது ஏற்ற பாடம்.

தமிழகத்தில் பவளத்தின் சொந்த வீடு, ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா. 1986இல் இது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 117 வன்பவள இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

கண்ணாடியும் நீரும்

தொட்டியில் எடுக்கும் படம் கெடுவதற்கு முதற்காரணம் கேமராவைச் சாய்த்துப் பிடிப்பது. ஒளி நீரிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து காற்றுக்கும் மாறும்போது வளைகிறது. சாய்ந்து வரும் கதிரில் நிறங்கள் பிரிந்து, விளிம்புகள் மங்கும். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இருந்தால் இக்குறை பெரிதும் நீங்கும். கண்ணாடியின் உட்புறப் பாசியையும் வெளிப்புற உப்புக் கறையையும் முன்கூட்டியே துடைத்துவிட வேண்டும். அலை எழுப்பும் பம்பைச் சில நிமிடம் நிறுத்தினால் உணர்கொம்புகளின் ஆட்டம் தணியும், மிதக்கும் துகள்களும் அடங்கும். படம் எடுத்ததும் பம்பை மறவாமல் ஓடவிட வேண்டும். நீரோட்டம் பவளத்துக்கு மூச்சு.

அண்மைப் படத்தில் தெளிவு விழும் பரப்பு மிகக் குறுகியது. முழுச்சட்டகக் கேமராவில் பொருளை அதன் இயல்பான அளவிலேயே பதிக்கும்போது, எஃப் 11 துளையிலும் தெளிவின் ஆழம் சுமார் 1.3 மில்லிமீட்டர்தான். துளையை மேலும் சுருக்கினால் ஒளி சிதறிப் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எனவே எங்கே ஃபோகஸ் வைப்பது என்பதே முதல் முடிவு. பெரும்பாலும் பாலிப்பின் வாய் அதற்குரிய இடம்.

ஃபிரேம் அமைத்தல்

வட்டமாக விரிந்த ஒற்றைப் பாலிப்பை நடுவில் வைப்பது பொருந்தும். அதன் சமச்சீரே அதன் அழகு. கிளைப் பவளத்தை மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக ஓடவிட்டால் வளர்ச்சியின் திசை தெரியும். மூளைப் பவளத்தின் வளைந்த மேடுபள்ளங்கள் சட்டகம் முழுவதையும் நிரப்பட்டும். பின்னணியில் குழாயோ ஒளிரும் கல்லோ தெரிந்தால் கண் அங்கே ஓடிவிடும்; இரண்டு சென்டிமீட்டர் இடம் மாறி நின்றாலே இருண்ட பின்னணி கிடைப்பதுண்டு. பாலிப்பின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி எடுத்த படம், மேலிருந்து பார்த்து எடுத்ததைவிட அதன் உயரத்தையும் உயிரோட்டத்தையும் நன்கு காட்டும். காய்ந்த எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் எடுக்கும்போது ஒளி பக்கவாட்டில் விழ வேண்டும். இனம் காண உதவும் தடுப்புச் சுவர்கள் நிழலால்தான் துலங்கும்.

ஒளியும் படத்திருத்தமும்

பவளத் தொட்டி விளக்குகள் பலவும் 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை மிகுதியாக உமிழ்கின்றன. அவ்வொளியில் பவளத்தின் ஒளிர்புரதங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னும். ஆனால் கேமராவில் நீலம் நிரம்பி வழிந்து, சிவப்புப் பதிவு ஏறக்குறைய வெறுமையாகிவிடும். பதிவாகாத நிறத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. எடுக்கும்போதே விளக்கின் வெள்ளை ஒளியைச் சிறிது நேரம் கூட்டுவது அல்லது லென்ஸின் முன் மஞ்சள் வடிகட்டி வைப்பது நல்லது. படத்தை ரா கோப்பாகவே சேமிக்க வேண்டும்.

திருத்தத்தில் முதலில் செய்ய வேண்டியது வெண்மைச் சமன். தொட்டிக்குள் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுத்த படம் அதற்கு அளவுகோல். அடுத்து நீலத்தின் அடர்த்தியை மட்டும் குறைத்தல், மிதக்கும் துகள்களை நீக்குதல், தேவையற்ற ஓரங்களை வெட்டுதல், இறுதியாகக் கூர்மையாக்கல். வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த பல படங்களை ஒன்றாக அடுக்கும் முறையும் உண்டு. பாலிப் அசைவதால் குறைந்த படங்களோடு விரைந்து முடிக்க வேண்டும்.

நிறத்தைக் கூட்டுவதில் கட்டுப்பாடு தேவை. கடல்நீர் சூடேறினால் பவளம் தன் பாசிகளை இழந்து வெளிறும். மன்னார் வளைகுடா 2010, 2016 ஆண்டுகளில் இதைக் கடுமையாகச் சந்தித்தது. வெளிறும் சில பவளங்கள் பளிச்சென்ற நீலமாகவோ ஊதாவாகவோ ஒளிர்வதும் உண்டு. மிகையாக நிறமேற்றிய படத்தில் நோயும் நலமும் ஒன்றுபோலத் தோன்றும். பவளத்தின் நிறத்தைக் கொண்டு அதன் நலத்தை அளக்க, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டம் நிற அட்டைகளை வழங்குகிறது. அந்த அளவுக்கு நிறம் பொருள் பொதிந்த ஒன்று.

சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 2001இல் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். வீட்டுத் தொட்டிக்காக இவற்றை வாங்கக் கூடாது. அருங்காட்சியகங்களிலும் பொதுக் காட்சியகங்களிலும் அனுமதி பெற்றுப் படமெடுக்கலாம். பவளத்தை வீட்டுக்குக் கொண்டுவர விரும்புவோர் அதன் படத்தைக் கொண்டுவரட்டும். அந்தப் படம் பவளத்தின் சொந்த நிறத்தோடு இருக்கட்டும்.