'ரன்' என்னும் ஆங்கில வினைச்சொல்
1989-இல் வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்னும் வினைச்சொல்லுக்கு உரியது; அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள் இருந்தன. பின்னர் அகராதியாளர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்து 'ரன்' என்னும் வினைக்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டவே, முதலிடம் கைமாறியது.

மனிதர் ஓடுவதையும் நீர் பாய்வதையும் குறித்த பழஞ்சொல் இது. இயந்திரங்கள் பெருகியபின் தொடர்வண்டி, ஆலை, கணினி நிரல் ஆகிய அனைத்தின் இயக்கத்துக்கும் இச்சொல்லே வழங்கியது. நிறுவனத்தை நடத்துவதும் 'ரன்' தான். 'ரன் அவுட்' என்றால் துடுப்பாட்டத்தில் ஆட்டமிழப்பு. வீட்டிலோ பால் தீர்ந்துபோவது. தேர்தலில் அமெரிக்கர் 'ஓடுவர்'. பிரித்தானியர், தமிழரைப் போலவே, 'நிற்பர்'. தமிழின் 'ஓடு' வினையும் சளைத்ததன்று: கடிகாரமும் திரைப்படமும் ஓடுகின்றன, குடும்பமும் ஓட்டப்படுகிறது.