கைமாற்றிக் கொடுத்தவர்

டி.வி. சுந்தரம் அய்யங்காரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் பேருந்தில் தொடங்கிப் பேருந்திலேயே முடிந்துவிடுகின்றன. 1877இல் பிறந்த திருக்குறுங்குடிக்காரர், ரயில்வேயிலும் வங்கியிலும் பார்த்த வேலையை உதறிவிட்டு, 1911இல் சொந்த நிறுவனம் கண்டு, தஞ்சாவூர் – புதுக்கோட்டைச் சாலையில் பேருந்து விட்டவர், டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைச் சீமை பேசும்படி செய்தவர். இந்தப் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பேருந்துகள் இன்று இல்லை. அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1972இல், அவை அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போயின. குலத்தொழில் என்று சொல்லத்தக்க மூலத்தொழிலே கைவிட்டுப் போன பின்னும் அந்தக் குடும்பம் சாயவில்லை. அப்படியானால் அவர் விட்டுச்சென்ற சொத்து எது என்று கேட்க வேண்டும். தொழிலை உரிய காலத்தில் கைமாற்றிக் கொடுக்கத் தெரிந்த ஒரு குடும்பமே அவர் உண்டாக்கிய முதன்மையான நிறுவனம் என்பது என் முடிவு.

அன்றைய பேருந்துத் தொழிலின் இயல்பை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வண்டி கப்பலில் வந்தது; அதன் உதிரிப் பாகமும் கப்பலில்தான் வர வேண்டும். ஓர் அச்சு முறிந்தால் மாற்று வந்து சேரும்வரை வண்டி நின்றுவிடும். நின்ற வண்டிக்கு வருமானம் இல்லை. ஆகவே பேருந்து விட்டவருக்குப் பணிமனை தேவைப்பட்டது. பணிமனைக்கு உதிரிப் பாகக் கிடங்கு தேவைப்பட்டது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழில், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனை உரிமை என ஒன்றின் தேவையிலிருந்து மற்றொன்று பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகள் முடங்கியபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கலன்களை இந்த நிறுவனமே செய்து விற்றது. லாபம் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்து சேர்த்த தொழில்கள் இவை அல்ல. கையிலிருந்த தொழில் எந்த இடத்தில் தடைப்பட்டதோ அந்த இடத்தில் புதிய தொழில் முளைத்தது.

இப்படிக் கிளைவிட்ட தொழிலை ஒருவரே தம் பிடிக்குள் வைத்திருந்தால் அது அவர் ஆயுளோடு தேங்கியிருக்கும். சுந்தரம் அய்யங்கார் தாம் வாழ்ந்த காலத்திலேயே பொறுப்பை மகன்களிடம் ஒப்படைத்தார். மகன்களுக்குத் தனித்தனி அடுப்பு மூட்டிக் கொடுத்து, முற்றத்தை மட்டும் பொதுவாக வைத்த ஏற்பாடு அது. மகன்களில் ஒருவரான டி.எஸ். சந்தானம் 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கியபோது தந்தை உயிரோடிருந்தார். மறு ஆண்டு ஏப்ரலில், 78ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் பின் வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ் டி.வி.எஸ். (1961), பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் (1962), சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் (1966) என்று தொழிற்சாலைகள் எழுந்தன. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது, முதல் வைத்திருந்த எவரும் வளர்ந்திருக்கலாம் என்பார்கள். பாதி உண்மைதான். அந்தக் காப்பு எல்லாத் தொழில் குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தது. அண்ணன் தம்பி பிணக்கில் கரைந்துபோன குடும்பங்கள் அவற்றில் பல. மேலும், கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் காப்பில் வளர்ந்தவை வாடியிருக்க வேண்டும். சுந்தரம் கிளேட்டனோ 1998இல், தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது.

இதைவிடக் கனமான மறுப்பு அவர் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. மகள் சௌந்தரம் சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். வைதிக வைணவக் குடும்பத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்பதை நாம் அறிவோம். அந்த விதிக்கு அவரை விடாமல் பெற்றோர் படிக்க வைத்தனர். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவரானார். ஆனால் காந்தியரான ஜி. ராமச்சந்திரனை அவர் மணக்க விரும்பியபோது அதே பெற்றோர் எதிர்த்தார்கள். கைம்பெண் மறுமணம், அதுவும் சாதி கடந்து. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருக்கச் சொல்லி, அதன் பின்னும் மனம் மாறாததைக் கண்டு, 1940இல் சேவாகிராமத்தில் மணம் முடித்து வைத்தார். இந்த எதிர்ப்பைப் புகழுரைக்காக மறைப்பது சுந்தரம் அய்யங்காருக்கும் மரியாதை ஆகாது. காலத்தின் எல்லை அவருக்கும் இருந்தது. மகன்களிடம் தொழிலை விட்டுக்கொடுக்க முடிந்தவரால் மகளின் வாழ்வை அவள் முடிவுக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஆயினும் தனித்து முடிவெடுக்கும் வலிமையை அந்த மகளுக்குத் தந்ததில் அவர் தந்த கல்விக்குப் பெரும் பங்குண்டு. 1947இல் சின்னாளபட்டி அருகே கணவரோடு காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம், தகப்பனார் செல்வத்தின் நீட்சியாக எதையும் கட்டவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தும், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தும் தம் வழியைத் தாமே வகுத்துக்கொண்டார். பின்னாளில் மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் ஆனார். சுந்தரம் அய்யங்காரின் பிள்ளைகளில் நாட்டுக்கு மிகுதியாகக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், தொழிற்சாலை எதுவும் நடத்தாத இந்த மகளைத்தான் சொல்வேன்.

2020இல் செய்துகொண்ட குடும்ப உடன்பாட்டின்படி 2022இல் கிளைகள் பிரிந்துகொண்டதைக் காட்டி, கூட்டுக் குடும்பத் தொழில் கடைசியில் தோற்றதே என்று சிலர் கூறலாம். அந்தப் பிரிவினையில் நடந்தது என்ன? எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்தி வந்ததோ அதன் உரிமை அந்தக் கிளைக்கே சேர்ந்தது. 110 ஆண்டுகள் ஒன்றாக இருந்து, கணக்கு முடித்து விலகுவதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. தாம் இருக்கும்போதே சாவியைக் கொடுத்த மூதாதையின் வழக்கம்தான் அதிலும் தெரிகிறது. குறை வேறோரிடத்தில் இருந்தது. நிர்வாகம் ஆண் மக்களோடு நின்றிருந்தது. சுந்தரம் ஃபாஸ்னர்ஸில் ஆரத்தி கிருஷ்ணாவும், சுந்தரம் கிளேட்டனில் லட்சுமி வேணுவும் நிர்வாக இயக்குநர்களாக வந்தது அந்தக் குறை தீர்ந்து வருவதைக் காட்டுகிறது. அதற்கு நான்காம் தலைமுறைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.