கஞ்சா விளம்பரமும் ஆயிரம் அடியும்

"கடைக்கு லைசென்ஸ் கொடுக்கிறீர்கள், வரி வாங்குகிறீர்கள், விளம்பரம் மட்டும் செய்யக்கூடாதா?" அமெரிக்காவில் கஞ்சா வியாபாரிகளின் கேள்வி இது. பதில் தெரிய, முதலில் புகையிலையின் கதையைப் பார்ப்போம்.

1971 ஜனவரியில் அங்கே டிவி, ரேடியோவில் சிகரெட் விளம்பரம் நின்றது. பின்னாளில் மாசசூசெட்ஸ் மாநிலம், பள்ளியிலிருந்தும் விளையாட்டு மைதானத்திலிருந்தும் 1000 அடிக்குள் புகையிலை விளம்பரப் பலகையே கூடாது என்றது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சுருட்டு விஷயத்தில் அது சொன்ன காரணம் பேச்சுரிமை. பெரியவர்கள் சட்டப்படி வாங்கும் பொருளைப் பற்றி அவர்களிடம் சொல்ல வியாபாரிக்கும் உரிமை உண்டாம்.

இனி கஞ்சா. 2012-ல் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநில மக்களும் ஓட்டுப் போட்டு அதை அனுமதித்தார்கள். பார்வையாளர்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டிவியில் விளம்பரம் கூடாது என்று கொலராடோ ஆரம்பத்தில் விதி வைத்தது. வாஷிங்டன் வைத்தது என்ன தெரியுமா? பள்ளிக்கு 1000 அடிக்குள் விளம்பரம் கூடாது! புகையிலைக்குச் செல்லாமல் போன அதே ஆயிரம் அடி.

எப்படி இந்தத் துணிச்சல்? விளம்பரத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு வேண்டுமென்றால், அது சட்டப்பூர்வமான செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலம் அனுமதித்தாலும், 1970-ம் வருட மத்திய சட்டப்படி கஞ்சா விற்பது குற்றம். மிசிசிப்பி 2022-ல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்து, விளம்பரத்தை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. ஒரு கடைக்காரர் வழக்குப் போட்டார். 2024 நவம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லி மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனித்தீர்களா? மாநிலங்களின் விளம்பர விதிகளுக்குக் காவலாக நிற்பது, அந்த மாநிலங்களே ஒதுக்கி வைத்த மத்தியத் தடைதான். நாளை மத்திய அரசும் கஞ்சாவை அனுமதித்தால் அந்தக் காவல் போய்விடும். பிறகு சுருட்டுக்குச் சொன்ன நியாயம் கஞ்சாவுக்கும் பொருந்தும். பள்ளி எதிரே பலகை எழும்போது நீதிமன்றம் ஓடுவதைவிட, அன்றும் செல்லுபடியாகும் விதிகளை இப்போதே தகுந்த ஆதாரத்தோடு எழுதி வைப்பது நல்லது என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?