இமயத்துப் புதரும் ஜப்பானியத் தாளும்

2024 ஜூலை மாதம் ஜப்பான் புதிய யென் நோட்டுகளை வெளியிட்டது. அந்த நோட்டுத் தாளுக்கு வேண்டிய நாரில் ஒரு பகுதி, நேபாள மலைச்சரிவுகளில் வளரும் அர்கெலி என்னும் புதர்ச்செடியின் பட்டையிலிருந்து கிடைப்பதாகும். தாள் செய்வதில் உலகப் புகழ் பெற்ற ஒரு நாடு, பட்டைக்காக இமயமலையை நாடுவானேன்?

இதற்கு விடை காணப் பழங்காலத்திற்குச் செல்ல வேண்டும். சீன அரசவை அதிகாரியான சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல் ஆகியவற்றிலிருந்து தாள் செய்யும் முறையைக் கி.பி. 105இல் மன்னருக்கு அறிவித்தார். அக்கலை கொரியா வழியாகப் பரவியது. கி.பி. 610இல் கொரியாவிலிருந்து வந்த தம்ஜிங் என்னும் பௌத்தத் துறவி, தாளும் மையும் செய்யத் தெரிந்தவர் என்று ஜப்பானியப் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. நாரா நகரத்துக் கருவூலத்தில் 702ஆம் ஆண்டின் குடிக்கணக்கு ஏடுகள் இன்றும் உள்ளன. நம் வீட்டுப் பழைய பாடநூல்கள் ஐம்பது ஆண்டுகளில் பழுத்து நொறுங்குவதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இவ்வுறுதிக்குக் காரணம் நாரே. ஜப்பானியர் பெரிதும் பயன்படுத்தும் கோசோ என்னும் முசுக்கட்டை இனச் செடியின் நார் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீளமுள்ளது. ஆலைத் தாளுக்கான மரக்கூழின் நார் மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். நீண்ட நார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. மேலும், பட்டையைச் சாம்பல்நீர் போன்ற காரநீரில் வேகவைப்பதால், தாளை அரிக்கும் அமிலம் அதில் தங்குவதில்லை.

கோசோவைத் தவிர மிட்சுமாடா என்னும் செடியும் அங்கே பயன்படுகிறது. இதுவும் இமயத்து அர்கெலியும் எட்ஜ்வொர்த்தியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. செடிகள் உறவாயினும் தாள் எடுக்கும் முறை வேறு. நேபாளத்தில் துணி கட்டிய சட்டத்தை நீரில் மிதக்கவிட்டு, அதில் கூழை ஊற்றிக் கையால் பரப்புவர். தாள் அச்சட்டத்திலேயே வெயிலில் காயும். ஆகவே எத்தனை சட்டமோ அத்தனை தாள்தான். ஜப்பானியரோ மூங்கிற் குச்சிகளால் ஆன சல்லடையைக் கூழ்த் தொட்டியில் முக்கி ஆட்டி எடுப்பர். அத்தொட்டியில் டொரொரோ-அவோய் என்னும் செடியின் வேர்ச்சாற்றைக் கலப்பர். அது நமது வெண்டையின் நெருங்கிய உறவு! வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் ஒட்டும் கொழகொழப்புத்தான் அங்கும் வேலை செய்கிறது. நார்கள் கட்டிபடாமல் நீரில் பரந்து நிற்கின்றன. நீரும் மெல்ல வடிகிறது. ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தினாலும் பின்னர்த் தனித்தனியே உரித்தெடுக்கலாம்.

இவ்வளவு நுட்பமான தொழிலும் ஆலைத் தாளின் போட்டியில் தளர்ந்தது. மேற்கு ஜப்பானின் செகிஷு வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தாள் செய்தன. இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகளே எஞ்சியுள்ளன. அவ்வட்டாரத்து மிசுமி ஊரார்தாம் 1980களில் பூட்டான் நாட்டுடன் நட்புப் பூண்டனர். பூட்டானிலும் மடாலய ஏடுகளுக்காகப் பட்டைத் தாள் செய்யும் மரபு தொன்றுதொட்டு உண்டு. பூட்டானியத் தொழிலாளர் மிசுமி சென்று பயின்றனர். 1990இல் திம்பு நகரில் ஜுங்ஷி கைத்தாள் தொழிற்கூடம் எழுந்தது. எந்திரத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் உதவியைவிட, தொட்டியருகே உடன் நின்று கற்பிக்கும் இவ்வுதவி மேலானது என்பது என் கருத்து.

நேபாளத்தில் 1980களின் தொடக்கத்தில் ஐ.நா. குழந்தைகள் நிதியம் உதவ, லோக்தா என்னும் மலைச்செடியின் பட்டைத் தாளைக் கொண்டு பக்தபூர் நகரில் வாழ்த்து அட்டைகள் அச்சாயின. வேரை விட்டுத் தண்டை மட்டும் வெட்டினால் லோக்தா சில ஆண்டுகளில் மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்கினால் காடும் போகும், தொழிலும் போகும்.

இதற்கிடையே ஜப்பானியச் சிற்றூர்களில் இளைஞர் நகரங்களுக்குச் செல்ல, மிட்சுமாடா பயிரிடுவோர் அருகினர். 1990களில் நேபாள உழவர்க்குக் கிணறு தோண்டித் தரச் சென்ற ஒசாகா நகர நிறுவனத்தார், அங்கே அர்கெலி மண்டிக் கிடப்பதைக் கண்டனர். பட்டையை வேகவைத்து, மேல்தோல் சீவி, கழுவி உலர்த்த உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். இன்று அப்பட்டை காத்மாண்டு, கொல்கத்தா வழியாகக் கப்பலேறி யோகஹாமாவை அடைந்து, ஒடவாரா நகரின் அரசுத் தாள் ஆலைக்குச் செல்கிறது. முன்பு அம்மலையூர்களில் அச்செடி பெரும்பாலும் விறகுக்கும் வேலிக்குமே பயன்பட்டு வந்தது.