சுகலாதேவி: பொலன்னறுவையை எதிர்த்த மாமியார்

பொலன்னறுவை என்றதும் முதலாம் பராக்கிரமபாகுவே (1153-1186) நினைவுக்கு வருகிறான். உறுகுணையில் அவனை எதிர்த்து நின்ற சுகலாதேவியைப் பற்றிப் பேசுவோர் அரிது.

இவள் முதலாம் விஜயபாகுவின் மகள் யசோதராவின் புதல்வி. கணவன் ஸ்ரீவல்லபனோ, விஜயபாகுவின் சகோதரி மித்தாவுக்கும் பாண்டிய இளவரசன் ஒருவனுக்கும் பிறந்தவன். பராக்கிரமபாகுவின் தந்தையும் இதே மித்தாவின் மகனே. சிங்கள அரசகுலத்தில் பாண்டியக் குருதி கலந்திருந்ததை இன்று இரு தரப்பினருமே வசதியாக மறந்துவிட்டனர்.

மகன் மானாபரணன் மாண்டபின், தந்ததாதுவையும் பிச்சாபாத்திரத்தையும் தன்வசம் வைத்துக்கொண்டு அவள் போரிட்டாள். அவற்றை வைத்திருப்பவருக்கே அரசுரிமை என்பது அக்கால நம்பிக்கை. பராக்கிரமபாகுவின் படை அவற்றைக் கைப்பற்றியது, அவளும் சிறைப்பட்டாள். வென்றவன் அந்நியனல்லன், அவளது மகள் லீலாவதியின் கணவன்! சூளவம்சம் அவளைக் கலகக்காரியாகவே காட்டுகிறது. பராக்கிரமபாகுவின் புகழ்பாடும் நூலிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்?

கணவன் இறந்து பதினொரு ஆண்டுகளின் பின், 1197இல், லீலாவதி பொலன்னறுவையில் தானே அரசியாக முடிசூடினாள்.