திருநர் மீதான இழிசொற்கள்

திருநர் மீதான இழிசொற்கள் என்பவை, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலிலிருந்து வேறுபட்ட பால் அடையாளம் கொண்டோரை இழிவுபடுத்தும் நோக்கில் வழங்கப்படும் பெயர்களும் சுட்டுமுறைகளும் ஆகும். தமிழில் இவ்விழிவு பெயர்ச்சொல்லால் மட்டுமன்றி இலக்கணத்தாலும் நிகழ்கிறது. ஒருவரை "அவர்", "அவள்" என்னாது "அது" என்று சுட்டும்போது, அவர் உயர்திணையிலிருந்தே நீக்கப்படுகிறார்.

இலக்கணத்தில்

தொல்காப்பியம் இத்தகையோரைக் குறிக்கும் சொற்களை உயர்திணையிலேயே வைத்துப் பேசுகிறது. பிற்கால இலக்கண நூலான நன்னூல், அவை அஃறிணை போலவும் வழங்கும் என இடமளித்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடு என்பதும் ஒன்றாகும்.

பெயர்கள்

அலி, பேடி முதலியவை பழைய நூல்களில் பொதுச்சொற்களாக வழங்கியவை. காலப்போக்கில் இவை வசைச்சொற்களாயின. "ஒன்பது", "பொட்டை" போன்றவை பேச்சுவழக்கில் ஏளனத்திற்கெனவே பயன்படுகின்றன.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழாவில் வழிபடப்படும் அரவானின் பெயரை ஒட்டி "அரவாணி" என்னும் சொல் உருவானது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தபோது இப்பெயரே வழக்கில் இருந்தது. பின்னர் மு. கருணாநிதி தலைமையிலான அரசின் ஆதரவுடன் "திருநங்கை" என்னும் சொல் பரவலாயிற்று. ஆணாக அடையாளப்படுத்திக்கொள்வோர் திருநம்பி எனவும், இரு சாராரும் பொதுவாகத் திருநர் எனவும் அழைக்கப்படுகின்றனர்.

விளைவுகள்

இழிசொல் பெரும்பாலும் வீட்டிலும் பள்ளியிலும் தொடங்குகிறது. கேலி தாங்காது படிப்பை நிறுத்துவோர் வேலைவாய்ப்பை இழக்கின்றனர். வாடகை வீடு மறுக்கப்படுகிறது. மருத்துவமனையில் பெயர் சொல்லி அழைக்கும் வேளையில் நேரும் ஏளனத்திற்கு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்ப்போரும் உண்டு. இவ்வனுபவங்களை லிவிங் ஸ்மைல் வித்யாவின் "நான், வித்யா" என்னும் தன்வரலாற்று நூலில் காணலாம்.

அமெரிக்காவில் 129 திருநர் இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, தாம் தேர்ந்த பெயரால் வீடு, பள்ளி, பணியிடம் ஆகியவற்றில் அழைக்கப்பட்டோரிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்ததைக் கண்டது. அழைக்கும் சொல் மரியாதை தொடர்பானது மட்டுமன்று, உயிர் தொடர்பானதும் ஆகும் என்பதை இது உணர்த்துகிறது.

திரைப்படங்கள்

தமிழ்த் திரைப்படங்களில் திருநங்கையர் நெடுங்காலமாக நகைச்சுவைப் பொருளாகவே காட்டப்பட்டு வந்துள்ளனர். திரையில் சொல்லப்படும் வசை மறுநாள் தெருவில் தம்மை நோக்கி வீசப்படுகிறது என்பது திருநங்கையர் முன்வைக்கும் குறையாகும். 2015 சனவரியில் "ஐ" திரைப்படத்தின் சித்தரிப்பை எதிர்த்துச் சென்னையில் அவர்கள் போராட்டம் நடத்தினர்.

சட்டமும் தீர்ப்புகளும்

- 2014 ஏப்ரல் 15: தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநருக்கு உண்டென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
- 2019: இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், உடல், பாலியல் கொடுமைகளுடன் சொல்லாலும் உணர்வாலும் இழைக்கப்படும் கொடுமையையும் குற்றமாக்கியது. தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் தண்டமும் ஆகும். இது மிகக் குறைவு என்ற விமர்சனம் எழுந்தது.
- 2021 சூன் 7: தற்பாலீர்ப்புடைய இரு பெண்கள் பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கில், பால், பாலீர்ப்புச் சிறுபான்மையினருக்கான பல வழிகாட்டுதல்களைச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கியது.
- 2022: அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இச்சமூகத்தினரைக் காவலர்கள் துன்புறுத்துவதைத் தடுக்கும் நடத்தை விதி சேர்க்கப்பட்டது. மதிப்புடன் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலும் ஆகஸ்ட் மாதம் அரசிதழில் வெளியாயிற்று.

சொல் வழக்கு

எப்பெயரும் அனைவருக்கும் ஏற்புடையதாக அமைவதில்லை. மதிப்புடன் தொடங்கிய சொல்லும் ஏளனக் குரலில் சொல்லப்பட்டால் வசையாகிவிடும். எனவே ஒருவர் தம்மை எவ்வாறு குறிப்பிடுகிறாரோ அவ்வாறே அவரைக் குறிப்பிடுவதும், உயர்திணை வினைமுற்றுகளைப் பயன்படுத்துவதும், தேவையின்றி அவரது பழைய பெயரைக் கூறாதிருப்பதும் ஏற்ற வழக்கமாகக் கருதப்படுகின்றன.