வாழ்த்து அட்டையின் மறுபுறம்

கதிர்காமத்தில் எங்கள் இல்லத்துப் பரணில் தந்தையாரின் தகரப்பெட்டி ஒன்று உண்டு. அதனுள் பொங்கல், தீபாவளி வாழ்த்து அட்டைகள் ஏறக்குறைய அறுபது. உறையின்றி, பின்புறமே முகவரி எழுதித் தபால்தலை ஒட்டி விடுக்கப்பெற்றவையே பல. கரும்பும் பானையும் விளங்கும் அப்படங்களில், எழுஞாயிறு இருக்க வேண்டிய மூலையில் ஒரு சதுர ஓட்டை! பள்ளிப்பருவத்தில் தபால்தலை சேர்க்கும் ஆர்வத்தால் அவற்றைக் கத்தரித்தவன் அடியேனே.

அஞ்சலட்டை 1869ஆம் ஆண்டு ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் தோன்றியது; ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவிற்கு 1879இல் காலணா விலையில் வந்தது. இலண்டனில் ஹென்றி கோல் அச்சிடுவித்த கிறித்துமஸ் வாழ்த்து அதனினும் முந்தியது. அதன் ஆண்டு 1843. இவ்விரு வழக்கங்களும் கலந்ததே நம் பொங்கல் வாழ்த்து எனலாம்.

ஆயினும் விழாவையொட்டி மடல் விடுத்தல் சமணர்க்குப் புதிதன்று. வடநாட்டுச் சுவேதாம்பரர் பர்யுஷணத்தையொட்டி, விஞ்ஞப்தி பத்திரம் எனும் ஓவியச் சுருள்களைத் தம் ஆசாரியர்க்கு விடுத்து வந்தனர். 1610இல் ஆக்ரா சங்கத்தார் விசயசேன சூரிக்கு விடுத்த சுருளில், உயிர்க்கொலை விலக்கும் ஜஹாங்கீரின் ஆணை பற்றிய காட்சிகளைச் சாலிவாகனர் எனும் ஓவியர் தீட்டியுள்ளார். காலம் தெளிவாகத் தெரிவதாலன்றோ அது வரலாற்றுச் சான்றாயிற்று!

பழைய அட்டைகளைத் திரட்டுவோர் படத்தினும் பின்புறத்தையே நுணுகி நோக்குவர். பிரான்சில் 1904 தொட்டே முகவரிப் பக்கத்தின் ஒரு பாதியில் செய்தி எழுத இசைவு கிடைத்தது. அதற்கு முன் படத்தின் ஓரத்திலேயே இரண்டு சொல் கிறுக்க வேண்டும். எனவே நடுக்கோடு இல்லாத பிரெஞ்சு அட்டை அதற்கு முற்பட்டது என்று உணரலாம்.

புதுவையில் தபால்தலையே ஆட்சியைச் சொல்லும். 1923 முதல் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகள் காசிலும் பணத்திலும் விலையிடப்பட்டன. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1954 நவம்பர் முதல் நாள் நிருவாகம் கைமாறியது. அணா வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா! மூன்றே ஆண்டுக்குள் இத்தனை மாற்றம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா அரிய நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் ஒதுக்காது திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பே சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. நம் இல்லங்களிலும் பெட்டிகள் இருக்கும். அட்டைகளைக் கோந்திட்டு ஒட்டிவிட வேண்டா; பின்புறம் மறைந்துபோம்.

என்னிடமுள்ள ஓர் அட்டை, காரைக்காலில் பணியாற்றிய தந்தையாரின் நண்பர் விடுத்தது. பெண் பிறந்த செய்தியை அதில் எழுதியுள்ளார். கத்தரிக்குத் தப்பிய முத்திரையின் விளிம்பில் பிரெஞ்சு எழுத்துகளின் வால்கள் தெரிகின்றன. ஆண்டு இல்லை.